ஸ்டீவ் ஏர்ல் பாடகரா, நடிகரா, எழுத்தாளரா?

‘தி வயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வாலன் என்ற பாத்திரமாக வரும் ஸ்டீவ் ஏர்ல் நிஜத்தில் பெரிய பாடகர் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். முதலில் அவர் பாடலாசிரியர். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

டெக்சாஸில் வளர்ந்த ஸ்டீவ் ஏர்ல், பதின்வயதிலேயே டவுன்ஸ் வான் ஸாண்ட் என்ற பாடகரைக் குருவாக வரித்துக்கொண்டவர். மகனுக்கே அவர் பெயரைச் சேர்த்து வைத்தார் என்றால் பாருங்கள்! அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரில் நெடுங்காலம் பிறருக்குப் பாட்டெழுதிக் காத்திருந்தவருக்கு 1986இல் ‘கிட்டார் டவுன்’ ஆல்பம் வழி திறந்தது. பிறகு ஹெராயின் எல்லாவற்றையும் தின்றது. 1994இல் சிறைக்குப் போனார். போதையை விட்டு வெளியே வந்தார். அடுத்த ஆண்டே புதிய ஆல்பம்.

நடிப்பும் எழுத்தும் இந்தச் சரிவுக்குப் பிறகு வந்தவை. வாலன், போதையிலிருந்து மீண்டு, இன்னொருவரை மீட்கக் கைகொடுப்பவன். ஏர்ல் அதில் அதிகம் ‘நடிக்க’ வேண்டியிருக்கவில்லை என்பது என் எண்ணம். அந்தக் குரலின் தளர்ச்சியைப் பயிற்சியால் கொண்டுவர முடியாது. அதே தொடரின் ஐந்தாம் பருவத் தொடக்கப் பாடலைப் பாடியவரும் அவரே. பின்னர் நியூ ஆர்லியன்ஸைக் களமாகக் கொண்ட ‘ட்ரெமே’ தொடரில் தெருப்பாடகராக வந்தார்.

2001இல் சிறுகதைத் தொகுப்பு, 2011இல் நாவல். நாவலின் நாயகன் போதைக்கு அடிமையான மருத்துவன். மறைந்த ‘கன்ட்ரி’ பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் ஆவி அவனை விடாமல் துரத்துகிறது. கிராமி விருதுகள் மூன்று பெற்றிருக்கிறார். ஆனால் நீங்கள் நாவலிலிருந்தே தொடங்கலாம். அதைப் படித்த பிறகு பாடல்கள் வேறு மாதிரி கேட்கும்.