தேக்கு வெனீர் அலமாரி: கருநீலக் கறையும் குறுக்கு ரேகையும்

கேள்வி: சமையலறையில் தேக்கு வெனீர் (மெல்லிய தேக்குத் தகடு) ஒட்டிய பிளைவுட் அலமாரி பொருத்தி இரண்டு வருடமாகிறது. சிங்க்குக்குக் கீழுள்ள கதவில் ஆணிகளைச் சுற்றிக் கருநீலக் கறை. இன்னொரு கதவில் ரேகை குறுக்கே ஓடுகிறது, நிறமும் வெளிறித் தெரிகிறது. மறுபடி பாலிஷ் போட்டால் சரியாகுமா?
வாசகி, கோத்தகிரி

பதில்: ஆகாது. கறைமேல் பாலிஷ் போட்டால் கறை உள்ளேயே தங்கிவிடும்.

முதலில் அது என்ன கறை என்று பாருங்கள். ஓரத்தில் பாலிஷைச் சுரண்டி, துணி வெளுக்கும் பிளீச் ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடத்தில் மங்கினால் பூஞ்சை. அப்படியே நின்றால், தேக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய கறை. சோதித்த இடத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். பிளீச்சும் ஆக்ஸாலிக் அமிலமும் கலந்தால் நச்சு வாயு வரும்.

இரும்புக் கறைக்கு மருந்து அந்த ஆக்ஸாலிக் அமிலம்தான். ஆணிகளைப் பிடுங்குங்கள். பழைய பாலிஷை 180 நம்பர், பிறகு 240 நம்பர் எமரி தாளால், கையால் மட்டும், ரேகை ஓடும் திசையிலேயே எடுங்கள். வெனீரின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். மெஷின் வைத்தால் அடிப் பலகை தெரிந்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் அமிலம் கரைத்து, கதவு முழுக்கப் பிரஷால் பூசுங்கள். கறையில் மட்டும் தடவினால் அந்த இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். கால் மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் மூன்று முறை துடையுங்கள். வெனீர் பிரியும் என்பதால் தண்ணீரை ஊற்றாதீர்கள். அமிலம் விஷம்: கையுறை வேண்டும். உலர்ந்தபின் தேய்க்கும்போது எழும் தூசியும் ஆகாது, மாஸ்க் போடுங்கள். ஆணிக்குப் பதில் பித்தளை ஸ்க்ரூ. சிங்க் கசிவை அடைக்காமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம்.

குறுக்கு ரேகைக்குப் பாலிஷில் வழியில்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, ஒரே மரமானாலும் திசை மாறிய ரேகை வேறு நிறமாகவே தெரியும். அந்தக் கதவை மட்டும் மாற்றுவதுதான் நேர்மையான வழி. பழைய கதவு ஒன்றைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், புது வெனீர் ஷீட்டை ஈரத்துணியால் துடைத்து, அதோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். பாலிஷுக்குப் பின் வரும் நிறம் ஏறக்குறைய அதுதான். அறுப்பதற்கு முன் ரேகைத் திசையைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். புதுத் தேக்கு வெளிச்சத்தில் சில வாரம் இருந்தால் திட்டுகள் தணிந்து பொன்னிறமாகும். அதன் பிறகும் வேறுபட்டால், ஸ்டெயினரை (நிறச் சாயத்தை) மரத்தில் தேய்க்காமல் சீலரில் (பாலிஷுக்கு அடிக்கோட்டில்) துளித்துளியாகக் கலந்து மெல்லிய கோட்டாக அடிக்கலாம். நிறம் திட்டுத்திட்டாக இறங்காது.

கேள்வி: ஐப்பசியில் பாலிஷ் அடித்தோம். கதவெல்லாம் பால்போல் வெளுத்துவிட்டது. மரம் கெட்டுவிட்டதா?
வாசகர், கொடைக்கானல்

பதில்: மரத்துக்கு ஒன்றுமில்லை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பாலிஷுக்குள் சிக்கியிருக்கிறது. அடித்தது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் என்றால், ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை லேசாகத் தெளித்தாலே தெளியும். மெலமைன் பாலிஷ் என்றால், இறுகியபின் கரையாது. 320 தாளால் தேய்த்து மறுகோட் அடிக்க வேண்டும். மழை ஓய்ந்து, ஜனவரிக்குப் பிறகு, வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள்.