சீப்பைக் கண்டா கட்டிலுக்குக் கீழ ஓடுற டொமி

கேள்வி: எங்கட டொமிக்கு 5 மாசம், பொமேரியன் கலப்பு. காதுக்குப் பின்னாலயும் முன்னங்கால் இடுக்குலயும் முடி சிக்குப் பிடிச்சு கட்டி கட்டியாக் கிடக்கு. போன கிழமை இவர் அமத்திப் பிடிக்க நான் கத்திரிக்கோலால வெட்டப் போனன், அவன் கத்திக் குளறி கடிக்க வந்துட்டான். இப்ப சீப்பைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழ போயிடுறான். மாமி மொட்டை அடிச்சு விடச் சொல்றா, பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் பூசிக் குளிப்பாட்டச் சொல்றா. என்ன செய்ய?
- ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தக் கத்திரிக்கோல எடுத்து அலுமாரிக்குள்ள வைங்க. சிக்கு இறுக இறுக தோலையும் சேத்து மேல இழுத்துக்கொண்டு வரும், வெளியால பாக்க எல்லாம் முடி மாதிரித்தான் தெரியும். எங்கட வீட்டில முந்தி நிண்ட சடை நாய்க்கு நானும் இப்பிடித்தான் முன்னங்கால் இடுக்குல வெட்டினனான், முடியெண்டு நினைச்சு வெட்டினது தோல், 4 தையல் போட்டாங்க. காயம் ஆறிட்டுது, ஆனா கனகாலமா நான் கையைத் தூக்கினாலே அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்துவான், அதை நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யும்.

நீங்க கவனிக்காம விட்டதால வந்ததெண்டு நினைக்காதீங்க. இந்த வயசிலதான் குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வாறது, உதிர்ற முடி கீழ விழாம உள்ளுக்க மாட்டிக்கொண்டு சிக்காகும். அதோட கடலுக்கு, பத்தைக்குள்ள எல்லாம் கூட்டிக்கொண்டு போறீங்க எண்டா உப்புத்தண்ணி, மணல், நாயுருவிக் காய் எண்டு எல்லாம் அதுக்குள்ள போய் இருந்துடும்.

சிக்கோட குளிப்பாட்டவே வேணா. தண்ணி பட்டுக் காயேக்க கம்பளி மாதிரி இன்னும் இறுகிப் போகும். எண்ணெயும் அப்பிடித்தான், ஒரு நாளைக்கு வழுக்கும், மறுகா மண்ணும் தூசியும் ஒட்டி இன்னும் மோசமாகும். அதுக்குப் பதிலா கோன் ஃப்ளவர் மா கொஞ்சம் கட்டியில தூவி விரலால தேய்ச்சு விடுங்க, முடி வழுக்கிக்கொண்டு பிரிய அது உதவும்.

இப்ப முக்கியமான விஷயம். கட்டிக்கும் தோலுக்கும் இடையில சீப்புப் பல்லு போகுதா எண்டு அவன் நித்திரையா இருக்கேக்க மெதுவாப் பாருங்க. போகுதெண்டா வீட்டில எடுக்கலாம். போகல்ல, கால் துடைக்கிற தும்புப் பாய் மாதிரி தோலோட ஒட்டிக் கிடக்கெண்டா மிருக வைத்தியர்ட்ட கொண்டு போங்க, அவங்க மெஷினால அந்த இடத்தை மட்டும் வழிச்சு விடுவாங்க, தேவையெண்டா ஊசி போட்டு மயக்கிச் செய்வாங்க. நித்திரை வரட்டும் எண்டு தடிமனுக்குக் குடிக்கிற குளிசையெல்லாம் நீங்களாக் குடுக்காதீங்க. கட்டிக்குக் கீழ நாத்தம், ஈரம், சிவப்பு, புழு இதில ஏதும் கண்டா அண்டைக்கே போகணும், பொறுக்கக் கூடாது. மாமிட்ட சொல்லுங்க, பொமேரியனுக்கு உடம்பு முழுக்க மொட்டை அடிச்சா சிலதுக்கு முடி திரும்ப ஒழுங்கா வளராது, வெயிலும் நேரா தோலில படும், அதனாலதான் வேணா எண்டு சொல்றன்.

சரி, பயத்துக்கு வருவம், இதுதான் பெரிய சிக்கு. இவரை இனி அமத்திப் பிடிக்க வேணாமெண்டு சொல்லுங்க. இண்டைக்கு ராவு சோறு வைக்கேக்க கோப்பைக்குப் பக்கத்தில சீப்பைச் சும்மா வைங்க, கையில எடுக்காதீங்க. 3, 4 நாள் இப்பிடி. மறுகா சீப்பைக் கையில வச்சுக்கொண்டு முள்ளெடுத்த மீனோ அவிச்ச கோழித் துண்டோ குடுங்க, உப்பு தூள் போடாம, வெங்காயம் உள்ளி படவே கூடாது, அது நாய்க்கு நஞ்சு. அவனா வந்து சீப்பை மணந்து பாத்தா அதுக்கும் ஒரு துண்டு. பிறகுதான் முதுகில சிக்கில்லாத இடத்தில ஒரே ஒரு தரம் சீவி, ஒரு துண்டு குடுத்து, அதோட அண்டைக்கு முடிச்சுடுங்க. நித்திரை வராமலே கொட்டாவி விடுறது, உதட்ட நக்குறது, தலையை அங்கால திருப்புறது, அப்பிடியே விறைச்சு நிக்கிறது இதெல்லாம் "போதும்" எண்டு அவன் சொல்றது, அப்பவே விட்டுடணும். உறுமினா ஏசாதீங்க, உறுமக் கூடாதெண்டு பழகினா அடுத்த தரம் உறுமாமலே கடிச்சிடும். பல்லுப் பட்டு கீறினாலும் சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, வீட்டு நாய்தானே எண்டு விட வேணா, அவனுக்கு விசர் ஊசி போடல்லயெண்டா அதையும் இந்தக் கிழமையே போட்டுடுங்க.

சிக்கெடுக்கிற விதம், நீங்க கடற்கரையில வலை சிக்கெடுக்கிற ஆக்களைப் பாத்திருப்பீங்கதானே, நடுவில பிடிச்சு இழுக்கவே மாட்டாங்க, ஓரத்தில ஒரு கண்ணைப் பிரிச்சு, அதில இருந்து அடுத்ததுக்குப் போவாங்க. அதே மாதிரி ஒரு கையால கட்டியின்ட அடியை, தோலோட ஒட்டின பக்கத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்க, அப்பதான் இழுவை தோலுக்குப் போகாது. மற்றக் கையால நுனியில இருந்து விரலால ரெண்டாப் பிரிங்க, பிரிஞ்ச துண்டை திரும்பவும் ரெண்டாப் பிரிங்க, கடைசியாத்தான் அகலப் பல்லு சீப்பு. ஒரு தரத்துக்கு 2 நிமிஷத்துக்கு மேல வேணா, ஒரு கட்டி முடிய 4 நாள் போனாலும் போகட்டும்.

காதுக்குப் பின்னால இருக்கிறதுல சின்னக் கட்டியாப் பாத்துத் தொடங்குங்க. முன்னங்கால் இடுக்கு கடைசி, அங்க தோல் சரியான மெல்லிசு. கழுத்துப் பட்டியை ராவையில கழட்டி விடுங்க, அதுக்குக் கீழயும் ஒருக்காத் தடவிப் பாருங்க, அங்கயும் தொடங்கியிருக்கும்.