பர்ன்லி வாங்கிய பத்து கோல்

அன்புள்ள ஐயா,

ஒரு வழக்கை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். நானும் என் மைத்துனரும் பதினைந்து வருடங்களாகச் சேர்ந்து உட்கார்ந்து இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்க்கிறோம். ஆகஸ்டில் சீசன் தொடங்கினால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். போன சனிக்கிழமை (2025 ஆகஸ்டு 16) டாட்டன்ஹாமும் பர்ன்லியும் ஆடின. பர்ன்லி கோல்கீப்பர் டுப்ராவ்கா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நடுவர் விசில் ஊதி டாட்டன்ஹாமுக்கு கார்னர், அதாவது மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்பு, கொடுத்துவிட்டார். பந்து கோட்டைத் தாண்டவே இல்லை. எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தாராம். இது என்ன கூத்து?

2019-இல் வீடியோ நடுவர் வந்தார், அக்குள் அளவு முன்னால் நின்றாலும் ஆஃப்சைடு என்றார்கள். 2023-இல் ஆட்டத்தை நூறு நிமிடத்துக்கு இழுத்தார்கள். இப்போது கோல்கீப்பருக்குக் கடிகாரம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புது ஆட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. நம் பாட்டிகள் பல்லாங்குழி ஆடினார்கள், யாராவது வருடாவருடம் விதியை மாற்றினார்களா? முதல் வாரத்தைப் பார்த்தே சொல்கிறேன், இந்த விதி ஆட்டத்தைக் கெடுக்கும். மைத்துனர் நல்ல விதி என்கிறார். தோற்றவர் பிரியாணி வாங்க வேண்டும் என்று பந்தயம். உங்கள் தீர்ப்பு என்ன?

ஆர்., ஈரோடு

*

அன்புள்ள ஆர்.,

முதலில் பல்லாங்குழி. என் அம்மாவைப் பெற்ற ஆச்சி குழிக்கு ஐந்து முத்து போட்டு ஆடுவார், அப்பாவைப் பெற்ற ஆச்சி ஆறு. நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வது ஒரு வீட்டில் உண்டு, இன்னொரு வீட்டில் அதைத் திருட்டு என்பார்கள். கோடை விடுமுறையில் இருவரும் ஒரே பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் வழக்கு நடக்கும். அதனால் பல்லாங்குழியை உங்கள் பக்கத்துச் சாட்சியாக நான் ஏற்க மாட்டேன்.

அந்த கார்னரை நானும் பார்த்தேன். பிரீமியர் லீக்கில் இந்த விதிக்கு முதல் பலி டுப்ராவ்காதான். எனக்குச் சிரிப்பு வந்தது, காரணம் பர்ன்லி. புதிய விதி ஒன்று வீட்டுக்குள் நுழையும்போது வாசற்படியில் நின்று அடிவாங்கும் ராசி அந்த ஊருக்கு நூறு வருடங்களாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் 2023-இல், கூடுதல் நேரத்தைக் கறாராகக் கணக்கிடத் தொடங்கிய சீசனின் முதல் ஆட்டம் பர்ன்லியில்தான் நடந்தது. மான்செஸ்டர் சிட்டியிடம் 0–3. நியாயமாகச் சொன்னால், வீடியோ நடுவர் வந்த 2019-இல் அவர்கள் சௌதாம்ப்டனை 3–0 என்று வென்றார்கள், ஆகவே ராசி என்பது நான் வேடிக்கைக்குச் சொல்வது. ஆனால் 1925 வேடிக்கை இல்லை. உங்கள் வழக்குக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

அந்த வருடம் வரை ஆஃப்சைடு விதி இப்படி இருந்தது: பந்து அனுப்பப்படும் கணத்தில், அதை வாங்கப் போகிற முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். ஒருவர் கோல்கீப்பர் என்று வைத்துக்கொண்டால் மீதி இருவர். அக்காலத்தில் பின்களத்தில் நின்றதே இரண்டு பேர்தான். அவர்களில் ஒருவர் நாலடி முன்னால் வந்துவிட்டால் போதும், எதிரணி முன்கள வீரர் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வார். கணக்குத் தப்பினாலும் பயமில்லை, இன்னொருவர் பின்னால் காவலுக்கு நிற்கிறார். நஷ்டமே இல்லாத வியாபாரம். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இதில் கைதேர்ந்தவர். நியூகாசில் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய வெளியூர் வீரர் ஒருவர், கார்டு விசில் ஊதியதைக் கேட்டு “அதற்குள் ஆஃப்சைடா?” என்றாராம். கதையாகத்தான் இருக்கும். கதை கட்டும் அளவுக்கு மக்கள் அலுத்துப்போயிருந்தார்கள் என்பது உண்மை. ஆட்டம் முழுவதும் மைதானத்தின் நடுவில் ஒரு குறுகிய பட்டைக்குள் நெரிந்துகொண்டிருந்தது.

1925 ஜூனில் மூன்றை இரண்டாக்கினார்கள். மாற்றம் அவ்வளவுதான். ஆகஸ்டு 29, சீசனின் முதல் நாள். ஆஸ்டன் வில்லாவின் மைதானத்துக்குப் போன பர்ன்லி 10–0 என்று தோற்றது. லென் கேப்வெல் என்ற ஒரே ஆள் ஐந்து கோல் போட்டார். வருடக்கணக்காக முன்னால் நகர்ந்து கையை உயர்த்திப் பழகிய பின்கள வீரர்கள் அன்றைக்கும் நகர்ந்திருப்பார்கள், கையையும் உயர்த்தியிருப்பார்கள். விசில் வந்திருக்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் கோல்கீப்பர் தனியாக நின்றிருப்பார்.

நீங்களும் உங்கள் மைத்துனரும் அன்றைக்கு வில்லா பார்க் மேடையில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘தொலைந்தது, இனி இது கால்பந்து இல்லை, கூடைப்பந்து’ என்று நீங்கள். ‘இதைத்தான் கேட்டோம், மழையாகக் கொட்டட்டும்’ என்று அவர். அந்த சீசன் முடிந்தபோது கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷனில் அதற்கு முந்தைய சீசனில் விழுந்த கோல்கள் 1,192. புதிய விதியின் கீழ் 1,703. ஆட்டங்களின் எண்ணிக்கை இரண்டிலும் 462தான்.

ஆனாலும் இருவரும் பார்க்கத் தவறியது ஒன்று இருக்கும். முதல் நாள் ஆட்டம், பழைய விதி எதைத் தாங்கிப் பிடித்திருந்தது என்பதை மட்டுமே காட்டும். முட்டுக்கொடுத்த கழியை உருவினால் பந்தல் சரிவதுபோல. அடுத்து அங்கே என்ன எழும்பும் என்பது ஆகஸ்டில் தெரியாது.

அதே கோடையில் ஹெர்பர்ட் சாப்மேன் அர்சனலுக்கு மேலாளராக வந்திருந்தார். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த கையோடு வந்தவர். சண்டர்லாந்திலிருந்து சார்லி புக்கனை வாங்கினார். புக்கனுக்கு அப்போது வயது 33. விலை 2,000 பவுண்டு, அதோடு முதல் சீசனில் அவர் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுண்டு என்று ஒப்பந்தம். முதல் நாளே சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமிடம் 0–1. புக்கன் சீசன் தொடக்கத்திலிருந்தே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்: நடுக்களத்தின் மையத்தில் நின்று ஆட்டத்தை நடத்தும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து, இரண்டு பின்கள வீரர்களுக்கு நடுவில் நிறுத்துங்கள். சென்டர் ஹாஃப் என்பவர் அணியின் மூளை, அவரைக் காவல்காரன் ஆக்குவதா என்று யாருக்கும் மனம் வரவில்லை. அக்டோபர் 3-ஆம் தேதி நியூகாசிலில் அர்சனல் 7–0 என்று தோற்றது. அன்றைக்கு மனம் வந்துவிட்டது. ஜாக் பட்லர் பின்னால் போனார். அவர் விட்டுப்போன இடத்தை நிரப்ப முன்களத்திலிருந்து ஆண்டி நீல் கீழே இறக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து, திங்கள்கிழமை, வெஸ்ட்ஹாமை அதன் மைதானத்திலேயே அர்சனல் 4–0 என்று வென்றது. அந்த சீசனை இரண்டாம் இடத்தில் முடித்தது.

கோல் அடிப்பதைச் சுலபமாக்க ஒரு விதி போட்டார்கள். அதற்குப் பிறந்த குழந்தை, மூன்றாவது பின்கள வீரர். வேறு சில அணிகளும் அதே மாதங்களில் அதையே செய்துகொண்டிருந்தன, சாப்மேன் அதை ஒழுங்கான முறையாக்கினார். பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று என்ற அந்த அமைப்பில்தான் இங்கிலாந்து அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடியது. விதி எழுதியவர்களில் ஒருவர்கூட இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். கோல்கள் உடனே வற்றிவிட்டன என்றும் நினைக்க வேண்டாம். 1927–28-இல் எவர்டனின் டிக்சி டீன் ஒரே சீசனில் 60 கோல் அடித்தார், அதை முதல் டிவிஷனில் இன்றுவரை யாரும் தொடவில்லை. மாறியது ஆட்டத்தின் உருவம்.

பர்ன்லி என்ன ஆயிற்று? இரண்டாம் டிவிஷனுக்குக் கீழிறங்கியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1926 ஏப்ரலில் அவர்கள் பர்மிங்காமுக்குப் போய் 7–1 என்று வென்றார்கள். லூயிஸ் பேஜ் மட்டும் ஆறு கோல். சீசன் முடிவில் ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கீழே போனது மான்செஸ்டர் சிட்டி, அதுவும் 89 கோல் அடித்துவிட்டு.

1992-இல் வந்த இன்னொரு புதிய விதிக்கு வருகிறேன், இதில் எனக்குச் சொந்தக் காயம் உண்டு. இத்தாலியில் நடந்த 1990 உலகக் கோப்பையில் பின்கள வீரர் பந்தைத் திருப்பிக் கொடுப்பதும், கோல்கீப்பர் கையில் வாங்கிக்கொண்டு உலாத்துவதும் தாங்க முடியாமல் போய், சக வீரர் காலால் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்று விதி வந்தது. பிரீமியர் லீக் அந்த ஆகஸ்டில்தான் பிறந்தது. நடப்பு சாம்பியன் லீட்ஸ் முதல் நாள் வென்றது. அந்த சீசன் முழுவதும் வெளியூரில் ஒரு லீக் ஆட்டம்கூட வெல்லாமல் 17-ஆம் இடத்தில் முடித்தது. எல்லாம் அந்த விதியால் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊருக்கு அந்த விதி 1993-இல் வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டம். நான் வலப்பக்கப் பின்கள வீரன். எதிரணிப் பையன் துரத்திவர, நிம்மதியாகப் பந்தை எங்கள் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்டேன். அவன் குனிந்து எடுத்தான். விசில். “கோல்கீப்பர் கையால் எடுக்காமல் வேறு யார் எடுப்பார்?” என்று எங்கள் கேப்டன் கேட்டான். நடுவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தட்டச்சுத் தாள் ஒன்றை எடுத்து, கண்ணாடி போட்டு, மைதானத்தின் நடுவில் வாசித்துக் காட்டினார். கோலிலிருந்து எட்டு கஜத்தில் பந்து. நாங்கள் பதினோரு பேரும் கம்பங்களுக்கு நடுவில் கோட்டின் மீது வரிசையாக, குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றோம். எதிரணிக்காரன் ஓங்கி உதைத்தான். பந்து எங்கள் தலைக்கு மேலே வலைக்குள் போய்விட்டது. அவர்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், நடுவரோ உயர்த்திய கையை இறக்கவில்லை. அது மறைமுக ஃப்ரீ கிக், இன்னொருவர் மேல் படாமல் நேராக உள்ளே போனால் கோல் இல்லை. அந்தத் தாள் மறுபடியும் வெளியே வந்தது. ஆட்டம் கால் மணி நேரம் நின்றது. விதியைப் படிக்காத நாங்கள் பிழைத்தோம், பாதி படித்திருந்த அவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அன்றைக்கு மைதானத்தில் இருந்த எல்லோரும் அந்த விதியைத் திட்டினோம். இப்போது காலால் பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத கோல்கீப்பரைப் பெரிய அணிகள் எளிதில் வாங்குவதில்லை. அந்தப் பழக்கம் ஊறிச் சேர வருடங்கள் ஆயின.

இனி உங்கள் எட்டு வினாடி. கோல்கீப்பருக்கு வினாடிக் கணக்கு புதிதில்லை. முன்பு ஆறு வினாடிதான் சட்டம், தண்டனை பெனால்டி எல்லைக்குள்ளேயே மறைமுக ஃப்ரீ கிக். அவ்வளவு பெரிய தண்டனை என்பதாலேயே நடுவர்கள் அதைக் கொடுக்கத் தயங்கினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் அரையிறுதியில் கனடா கோல்கீப்பர் எரின் மெக்லியாடுக்கு ஒரு நடுவர் கொடுத்தார். அந்த ஃப்ரீ கிக் கனடா வீராங்கனையின் கையில் பட்டு பெனால்டியாகி, அமெரிக்கா 3–3 என்று சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றது. அந்த ரகளைக்குப் பின் எந்த நடுவருக்குத் துணிச்சல் வரும்? இப்போது இரண்டு வினாடி கூட்டித் தண்டனையைக் குறைத்திருக்கிறார்கள். கடைசி ஐந்து வினாடியை நடுவர் விரல்களில் எண்ணிக் காட்ட வேண்டும். சின்னத் தப்புக்குச் சின்ன அபராதம் என்றால் ரசீது போட யாரும் தயங்க மாட்டார்கள். அந்த அளவில் இது எனக்குப் பிடித்த விதி.

ஆனால் பிரியாணியை உங்கள் மைத்துனருக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன். எட்டு வினாடி என்பது கையில் இருக்கும் பந்துக்குத்தான். காலடியில் கிடக்கும் பந்துக்குக் கடிகாரம் கிடையாது. எதிரணியினர் யாரும் நெருங்காதவரை கோல்கீப்பர் அதன் மேல் பூட்ஸை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசலாம். இந்த ஓட்டையைக் கோல்கீப்பர்கள் கண்டுபிடிக்க எத்தனை வாரம் ஆகும், கண்டுபிடித்ததும் எதிரணி முன்கள வீரர்கள் எங்கே வந்து நிற்பார்கள், அப்போது யார் விட்ட இடம் காலியாகும் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். டுப்ராவ்காவின் கார்னரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதில் கோல்கூட விழவில்லை.

இந்தச் சனிக்கிழமை (ஆகஸ்டு 23) பர்ன்லி சொந்த மைதானத்தில் சண்டர்லாந்தோடு ஆடுகிறது. நம் நேரம் இரவு ஏழரை. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பந்து டுப்ராவ்காவின் கையில் எத்தனை வினாடி, காலடியில் எத்தனை வினாடி. ஒரு பத்தியை நீங்கள் எழுதுங்கள், இன்னொன்றை மைத்துனர் எழுதட்டும். அக்டோபர் முதல் வாரம் வரை இதைச் செய்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை பிரியாணிக்கு ஆளுக்குப் பாதி பணம் போட்டுக்கொள்ளுங்கள்.