ஜப்பானில் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கு: கேள்வி பதில்

டோக்கியோவின் எதொகவா வார்டில் குடியிருக்கிறேன். மனைவி ஜப்பானியர். பிள்ளைகள் இரண்டு பேரும் வார்டின் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். இங்கே அப்பாவாக இருக்கும், இருக்கப்போகும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

நிஷிகசாய்: அண்ணா, மனைவிக்கு மூன்று மாதத்தில் பிரசவம். ஊரிலிருந்து யாரும் வர முடியாது. லீவு கேட்டால் மேனேஜர், "நம்ம டீமில் ஆண்கள் யாரும் எடுத்ததில்லையே" என்கிறார். நான் காண்டிராக்ட் ஆள் வேறு. அழுத்திக் கேட்கப் பயமாக இருக்கிறது.

தம்பி, அவர் சொல்வது அந்த டீமின் வழக்கம். சட்டம் வேறு. 'இகுக்யூ' என்கிற குழந்தை வளர்ப்பு விடுப்பு அப்பாவுக்கும் உண்டு, வெளிநாட்டவருக்கும் உண்டு. முறையாகக் கேட்டால் கம்பெனி மறுக்க முடியாது. 2022 அக்டோபரிலிருந்து, குழந்தை பிறந்த எட்டு வாரத்துக்குள் அப்பா நான்கு வாரம் வரை எடுக்கலாம். அதை இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை எடுக்கக்கூடிய சாதாரண இகுக்யூ இது போகத் தனி. குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகும் முன்பே முடிந்துவிடும் என்று உறுதியாகத் தெரிகிற காண்டிராக்ட் என்றால்தான் சிக்கல். உங்களுடையது புதுப்பிக்கப்படக் கூடியது என்றால் கேளுங்கள்.

நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், இந்த விடுப்புக்குப் பணம் கம்பெனி கொடுப்பதில்லை. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்த வேலைக் காப்பீட்டிலிருந்து வருகிறது. முதல் 180 நாளுக்குச் சம்பளத்தில் 67 சதவீதம், அதற்குப் பிறகு 50. உச்சவரம்பு உண்டு. வரி கிடையாது. விடுப்புக் காலத்தில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தமும் தள்ளுபடி. 2025 ஏப்ரலிலிருந்து, அப்பாவும் அம்மாவும் ஆளுக்குக் குறைந்தது 14 நாள் எடுத்தால் 28 நாள் வரை இன்னொரு 13 சதவீதம் சேரும். ஆக 80 சதவீதம். பிடித்தமும் இல்லாததால் கைக்கு வரும் தொகை ஏறக்குறைய முழுச் சம்பளம்தான். மனைவி வேலைக்குப் போகாதவர் என்றால் அவர் பக்க நிபந்தனை கிடையாது, நீங்கள் மட்டும் எடுத்தால் போதும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேட்கும் விதம். மேனேஜரிடம் வாயால் கேட்டு நிற்காதீர்கள். எச்.ஆருக்கு மெயில் போடுங்கள்: பிரசவ தேதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை விடுப்பு, அவ்வளவுதான். சாதாரண இகுக்யூவுக்கு ஒரு மாதம் முன்பு, அப்பாக்களுக்கான நான்கு வாரத்துக்கு இரண்டு வாரம் முன்பு சொல்ல வேண்டும் என்பது பொது விதி. மனைவி கர்ப்பம் என்று நீங்கள் சொன்னதுமே விடுப்பு விவரத்தை விளக்கி, எடுக்கிறீர்களா என்று கேட்க வேண்டியது 2022 ஏப்ரலிலிருந்து கம்பெனியின் கடமை. விடுப்புக் கேட்டதற்காகப் பழிவாங்கினால் மாநில அளவில் உள்ள தொழிலாளர் அலுவலகத்தில் ('ரோதோக்யோகு') முறையிடலாம். 2024 நிதியாண்டில் விடுப்பு எடுத்த ஆண்கள் 40.5 சதவீதம். உங்கள் மேனேஜர் இன்னும் பத்து வருடம் பின்னால் இருக்கிறார், பாவம்.

கவசாகி: நாங்கள் இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். போன வாரம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எந்த ஆபீசுக்கு முதலில் ஓடுவது?

வாழ்த்துகள்! வார்டு ஆபீசுக்குத்தான். பிறந்த 14 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அன்றைக்கே அங்கேயே குழந்தைகள் உதவித்தொகைக்கும், மருத்துவக் காப்பீட்டுக்கும் (கம்பெனிக் காப்பீடு என்றால் அது கம்பெனி வழியாக), குழந்தைகளுக்கான மருத்துவச் செலவு அட்டைக்கும் விண்ணப்பம் கேட்டு வாங்குங்கள். உதவித்தொகைக்குப் பிறந்த 15 நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டால் பணம் விட்டுப்போகாது. மூன்று வயது வரை மாதம் 15,000 யென், அதன்பின் 10,000. 2024 அக்டோபரில் வருமான வரம்பையே எடுத்துவிட்டார்கள்.

ஜப்பானில் பிறந்ததால் குழந்தைக்குக் குடியுரிமை வராது. 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் வசிப்பு அந்தஸ்து கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டாலும் போய் விண்ணப்பியுங்கள். இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிவது தனி வேலை.

அப்புறம், பெயர். நம் வழக்கப்படி அப்பா பெயரைக் குழந்தையின் பெயருக்குப் பின்னால் போடுவீர்கள். அப்போது உங்கள் குடும்பப் பெயர் ஒன்று, மனைவியுடையது ஒன்று, குழந்தையுடையது ஒன்று என்று மூன்று ஆகிவிடும். இங்கே குடும்பத்துக்கே ஒரு பெயர்தான். ஆஸ்பத்திரி, வங்கி, பள்ளி என்று ஒவ்வொரு கவுண்டரிலும் "இவர் உங்கள் மகளா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். குடும்பத்தார் எல்லோர் பெயரும் உள்ள குடியிருப்புச் சான்றின் ('ஜுமின்ஹ்யோ') நகல் ஒன்று பையில் இருக்கட்டும். கதகனாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) பெயரை எப்படி எழுதுவது என்பதையும் முதல் நாளே முடிவுசெய்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு நெடில் கோடு மாறினால்கூட வங்கிக் கணக்கும் விண்ணப்பமும் ஒட்டாது.

நகோயா: ஹொய்குயென்னில் (குழந்தைகள் காப்பகம்) இடம் கிடைப்பது லாட்டரி என்கிறார்களே சார்?

லாட்டரி இல்லை, மதிப்பெண். பெற்றோர் இருவரும் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து நகராட்சி புள்ளி போடும். மனைவி டிபென்டன்ட் விசாவில் வாரம் 28 மணி நேரத்துக்குள் வேலை செய்தால் முழுநேர வேலைக்காரர்களை விடப் புள்ளி குறையும். ஏப்ரல் மாதம்தான் பெரிய சேர்க்கை. அதற்கான விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும், எனவே இலையுதிர்காலத்திலேயே விசாரியுங்கள். இருவருடைய கம்பெனியிலிருந்தும் வேலைச் சான்று வேண்டும். அதை வாங்குவதற்கே இரண்டு வாரம் போகும். மூன்று முதல் ஐந்து வயது வரை 2019 அக்டோபரிலிருந்து கட்டணம் இல்லை.

சேர்த்த பிறகுதான் அப்பாவுக்கு வேலை. தினமும் காலையில் 'ரென்ராகுச்சோ' என்கிற தொடர்பு நோட்டை நிரப்ப வேண்டும் (இப்போது பல இடங்களில் செயலியாகிவிட்டது). உடல் சூடு எவ்வளவு, எத்தனை மணிக்குத் தூங்கினான், வெளிக்கு இருந்தானா, இரவும் காலையும் என்ன சாப்பிட்டான், இன்று யார் கூட்டிப்போவார்கள் என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எங்கள் வீட்டில் இது என் பொறுப்பு. காலைச் சாப்பாட்டுக் கட்டத்தில் கதகனாவில் "இட்லி, சாம்பார்" என்று எழுதினேன். சாயங்காலம் டீச்சர் அதற்குக் கீழே, "இட்லி என்றால் என்ன? கூட இருக்கும் பையன் தகாஷி-குன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான்" என்று எழுதியிருந்தார். மறுநாள் அரிசிமாவு, உளுந்து, ஆவி என்று படம் வரைந்து அனுப்பினேன். ஜப்பானிய மொழியில் நான் ஒழுங்காக எழுதக் கற்றதே அந்த நோட்டில்தான்.

37.5 டிகிரி தாண்டினால் போன் வரும், வந்து கூட்டிப்போகச் சொல்வார்கள். முதல் வருடம் இது அடிக்கடி நடக்கும். முதல் தொடர்பு எண்ணாக அம்மாவின் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு 5 நாள், இரண்டு பிள்ளைகள் இருந்தால் 10 நாள் தனி விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. மணிக்கணக்கிலும் எடுக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து மூன்றாம் வகுப்பு முடியும்வரை இது நீள்கிறது, பள்ளி நுழைவு விழாவுக்குக்கூட எடுக்கலாம். சம்பளம் உண்டா இல்லையா என்பது கம்பெனியைப் பொறுத்தது.

சைதமா: நாங்கள் சைவம். பள்ளிச் சாப்பாட்டை என்ன செய்வது?

மாதத் தொடக்கத்தில் வீட்டுக்கு வரும் மெனு தாளை உட்கார்ந்து படியுங்கள், பொருட்கள் எல்லாம் அதில் இருக்கும். காய்கறி சூப் என்று இருந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும், அதில் ஏமாறவேண்டாம். சேர்க்கைக்கு முன்பே வகுப்பாசிரியரிடமும் சத்துணவு ஆசிரியரிடமும் பேசுங்கள். "முழுக்க வீட்டு பென்டோ (டிபன் பெட்டிச் சாப்பாடு)" அல்லது "சோறும் பாலும் பள்ளியில், குழம்புக்குப் பதில் வீட்டிலிருந்து" என்று பல பள்ளிகள் ஒத்துக்கொள்கின்றன. பிள்ளைகள் முறைவைத்துத் தாங்களே பரிமாறுவார்கள். வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் பள்ளி கொடுக்கும். முறை முடிந்த வெள்ளிக்கிழமை அது வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, திங்களன்று அனுப்ப வேண்டும். சாப்பிடாத பிள்ளைக்கும் பரிமாறும் முறை உண்டு. வேண்டாம் என்று விலக்கிவிடாதீர்கள், பிள்ளை ஒட்டுவதே அங்கேதான்.

யோகோஹாமா: எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) வேலையிலிருந்து தப்பிக்க வழி உண்டா?

உண்டு. பி.டி.ஏ. சட்டப்படி விருப்ப அமைப்பு, சேராமலும் இருக்கலாம். ஆனால் தப்பிக்கச் சொல்ல மாட்டேன். பேச்சு அதிகம் வேண்டாத வேலையைக் கேட்டு வாங்குங்கள். என் தேர்வு கொடி வேலை. காலையில் அரைமணி நேரம் மஞ்சள் கொடியோடு தெரு முனையில் நின்று, பிள்ளைகள் கடக்கும்போது கொடியை நீட்டிப் பிடிக்க வேண்டும். தெரிய வேண்டிய வாக்கியம் ஒன்றுதான், "ஒஹாயோ கொசாய்மஸ்" (காலை வணக்கம்). முடிந்ததும் கொடியையும் கையெழுத்து நோட்டையும் பையில் போட்டு, அடுத்த வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போகலாம். நாலு முறை நின்றுவிட்டால் அந்தத் தெருவில் உங்களைத் தெரியாத பிள்ளை இருக்காது. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் பெற்றோருக்கும் தெரியும்.

ஓசகா: என் மனைவி ஜப்பானியர். ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் நான் கேட்டதற்கு மனைவியைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். நான் அங்கே இல்லாத மாதிரி.

நன்றாகத் தெரியும் அந்த வலி. காகிதத்திலேயே அப்படித்தான் இருந்தது. 2012 ஜூலை வரை வெளிநாட்டு அப்பாவின் பெயர் வீட்டாரின் குடியிருப்புச் சான்றில் வராது. இப்போது வருகிறது. ஆனால் குடும்பப் பதிவேட்டில் ('கோசெகி') இன்றும் நமக்குத் தனி இடம் இல்லை, மனைவியின் பக்கத்தில் திருமணக் குறிப்பாகத்தான் இருக்கிறோம். மனிதர்கள் விஷயத்தில் நான் செய்வது, ஒரு சில இடங்களுக்குத் தனியாகப் போவது. தடுப்பூசி, ஒன்றரை வயதுப் பரிசோதனை, ஆசிரியர் சந்திப்பு. மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் அவர்கள் நம்மிடம்தானே பேசியாக வேண்டும்? அடுத்த முறை மனைவியோடு போனாலும் கொஞ்சம் மாறியிருக்கும். முழுக்க மாறாது.

சிபா: பையன் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்கிறான். கடிந்துகொள்வதா, விட்டுவிடுவதா?

கடிந்தால் பேச்சையே நிறுத்திவிடுவான். நீங்கள் தமிழிலேயே தொடருங்கள், அவன் எதில் பதில் சொன்னாலும் சரி. ஊரில் தாத்தா பாட்டியோடு ஒரு கோடை விடுமுறை இருந்தால் நாக்கு தானாகத் திரும்பும். ஒரு வேலையை மட்டும் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது குளியல். ஜப்பானில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து தொட்டியில் இறங்குவது சாதாரணம். போனும் டி.வி.யும் இல்லாத அந்த இருபது நிமிடத்தில் எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான்.

சென்னை: அடுத்த வருடம் டோக்கியோ வருகிறோம். மகனுக்கு ஏழு வயது. இந்தியப் பள்ளியா, ஜப்பானியப் பள்ளியா?

அவனுக்குப் பதினைந்து வயதாகும்போது எங்கே இருப்பீர்கள் என்பதை முதலில் பேசி முடிவுசெய்யுங்கள். மூன்று நான்கு வருடத்தில் திரும்புவது உறுதி என்றால் இந்தியப் பள்ளி. 2004-லிருந்து கோத்தோ வார்டிலும், அதற்குப் பின் எதொகவாவிலும் இருக்கின்றன. நிஷிகசாயில் நம்மவர்கள் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம், தோசாய் ரயிலில் ஒதேமாச்சி வங்கிகளுக்கு நேரே போகலாம் என்பது இன்னொன்று. இங்கேயே தங்குவதாக இருந்தால் வார்டுப் பள்ளி. கட்டணமும் பாடநூலும் இலவசம், ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது என்பதால் நீங்களாகப் போய் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாம் ஆறாம் வகுப்பில் ஜப்பானியப் பள்ளிக்கு மாற்றுவதுதான் மோசம். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு பதினைந்து வயதில் வந்து நிற்கும், 'கஞ்சி' என்கிற சீன வழி எழுத்துகள் அதற்குள் மண்டையில் ஏறாது.

நிஷிகசாய்: ரந்தோசெரு (ஆரம்பப் பள்ளி முதுகுப் பை) அறுபதாயிரம் யென்னா?!

ஆமாம், ஆறு வருடத்துக்கு. தெரிந்தவர் வீட்டுப் பழைய பை கிடைத்தாலும் வாங்கலாம், பள்ளி தடுக்காது. பிள்ளை தடுக்கும்.

ஊர் வேண்டாம் என்றவர்: மனைவி ஜப்பானியர். பிரியும் நிலை. குழந்தையை இழந்துவிடுவேனோ என்று தூக்கம் இல்லை.

சகோதரரே, இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். இங்கே இருவரும் ஒப்புக்கொண்டால் நீதிமன்றமே இல்லாமல் ஒரு படிவத்தில் விவாகரத்து முடியும்: இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி. உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் படிவம் ஏற்கப்படக் கூடாது என்று நகர அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம். நாளைக்கே கொடுங்கள். ஒருவருக்கு மட்டுமே பிள்ளை உரிமை என்பது நெடுநாள் சட்டம். 2024-ல் நிறைவேறிய திருத்தம் கூட்டு உரிமைக்கு வழி வைத்தது, 2026 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. கூட்டு உரிமை தானாக வராது. இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குடும்ப நீதிமன்றம் முடிவுசெய்யும். அதனால் கோபத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையோடு ஊருக்குக் கிளம்பிவிடும் யோசனையும் வேண்டாம். ஒரு பெற்றோர் நாடு விட்டுக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கையில் ஜப்பான் 2014-ல் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. அப்படிக் கிளம்பினால் நீதிமன்றத்தில் உங்கள் பக்கம்தான் அடிபடும். மனைவி வழி விசாவில் இருந்தால், விவாகரத்து ஆன 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஜப்பானியக் குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கு விசா மாற்ற வாய்ப்பு உண்டு. வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் 'ஹோதெராசு' என்கிற அரசின் சட்ட உதவி மையம் இருக்கிறது, பல மொழிகளில் பேசுவார்கள். இன்று முதல் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்: யார் கூட்டிப்போனது, யார் டாக்டரிடம் போனது, எல்லாம்.

ஃபுகுவோகா: இரண்டாவது குழந்தை வருகிறது. அம்மாவை இங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள விசா உண்டா?

சாதாரண வேலை விசாவில் இல்லை, பெற்றோருக்குப் பார்வையாளராக 90 நாள் வரைதான். உயர்திறன் விசாவில் இருந்து, வீட்டு வருமானம் வருடத்துக்கு 80 லட்சம் யென் இருந்தால், மனைவி கர்ப்பமாக இருக்கும்போதோ ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ உங்கள் பெற்றோர், மனைவியின் பெற்றோர் இரண்டில் ஒரு பக்கத்தாரை அழைக்கலாம். சேர்ந்து வசிக்க வேண்டும். அந்த விசாவுக்கு 70 புள்ளி வேண்டும். உங்கள் படிப்பு, சம்பளம், வயதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், தெரியாமலே எழுபதைத் தாண்டியிருப்பவர்கள் நிறைய. 90 நாள்தான் என்று ஆனால் பிரசவத்துக்கு முன்பே வரவழைக்காதீர்கள். நீங்கள் இகுக்யூ முடித்து வேலைக்குத் திரும்பும் வாரத்தில் அம்மா வந்து இறங்கட்டும்.