யால்ஸ், யுவர் கைஸஸ்: இந்த ‘உங்களோட’ எல்லாம் எங்கே செல்லுபடியாகும்?

டல்லாஸ் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மீட்டிங்கில் ஒருவர் ‘யால்ஸ் டெட்லைன்’ என்கிறார், இன்னொருவர் ‘யுவர் கைஸஸ் கோட்’ என்கிறார். இது சரியான இங்கிலீஷா, நானும் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. காதுக்கு முழுசாகப் பழக்குங்கள், வாய்க்குக் கொஞ்சம் போதும். ஆபீஸ் மெயிலுக்கு வேண்டவே வேண்டாம்.

‘யூ ஆல்’ சுருங்கி யால். அதோடு எஸ் சேர்ந்தால் ‘உங்க எல்லாரோட’. எழுதினால் (y’all’s) அபாஸ்ட்ரபி என்ற மேற்குறி இரண்டு வரும்: ஒய்க்கு அடுத்து ஒன்று, கடைசி எஸ்ஸுக்கு முன்னால் ஒன்று. முதல் குறியை ஏவுக்குப் பின்னால் போடுவது ஊரறிந்த தப்பு, உள்ளூர்க்காரர்களே செய்வார்கள். விழுந்த எழுத்துகள் ஓவும் யூவும். அவை இருந்த இடத்தில்தான் குறி நிற்க வேண்டும். ‘யுவர்’ தனியாக வந்தால் ‘யுவர்ஸ்’ ஆகும் அல்லவா, யால்ஸுக்கு அந்த மாற்றம் கிடையாது. ‘யால்ஸ் கார்’, ‘இஸ் திஸ் கார் யால்ஸ்?’ இரண்டிலும் ஒரே வடிவம்.

நம் ஆட்கள் சறுக்குவது பொருளில். நமக்கு ‘நீங்க’ மரியாதைக்கும் ஆகும், பலருக்கும் ஆகும். யாலுக்கு மரியாதை வேலை கிடையாது. டெக்சாஸில் அதற்கு சாரும் மேமும் இருக்கிறது. பெரிய மேனேஜர் தனியாக நிற்கும்போது பணிவாக நினைத்து ‘யால்ஸ் லேப்டாப்’ என்றால், கூட யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்ப்பார். ஆனால் அவர் உங்கள் ஒருவரிடமே ‘யால்ஸ் எஸ்டிமேட்’ கேட்கலாம். அப்போது அவர் மனதில் இருப்பது உங்கள் டீம் முழுவதும். உங்கள் பங்குக்கு மட்டும் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு வந்தால் பின்னால் சிக்கல். பக்கத்து வீட்டுக்காரர் ‘யால்ஸ் டாக்’ என்றால் உங்கள் வீட்டு நாய். ‘ஆல் யால்ஸ்’ என்றால் ஒருவர் விடாமல் எல்லாருடையதும்.

இதே ‘நீங்க எல்லாரும்’ பொருளில் வரும் ‘யூ கைஸ்’ கதை இன்னும் குழப்பம், அமெரிக்கர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. ‘யூ கைஸஸ்’, ‘யுவர் கைஸ்’, ‘யுவர் கைஸஸ்’ மூன்றும் காதில் விழும். கடைசி வடிவத்தில் உடைமை இரண்டு இடத்தில் ஏறியிருக்கிறது. நாமும் அப்படித்தான்: ‘நீங்க எல்லாரும்’ என்பது ‘உங்க எல்லாரோட’ என்று ஆகும்போது முன்னும் மாறுகிறது, பின்னும் மாறுகிறது. வில்லங்கம் ‘யுவர் கைஸ்’ஸில். அதற்கு ‘உங்க ஆட்கள்’ என்றும் பொருள் உண்டு. கூரை வேலைக்கு வந்த கான்ட்ராக்டரிடம் ‘யுவர் கைஸ் ட்ரக்’ என்றால் அவர் ஆட்களின் வண்டி என்றே எடுத்துக்கொள்வார். தவிர, பெண்களும் இருக்கும் குழுவை ‘கைஸ்’ என்பதைச் சிலர் விரும்புவதில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களுக்கு வெளியேயும் யால் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிட்ஸ்பர்க் பக்கம் மாற்றல் வந்தால் யாலுக்குப் பதில் ‘யின்ஸ்’, அதன் உடைமை ‘யின்ஸஸ்’. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா பக்கம் ‘யூஸ்’. இரண்டையும் புரிந்துகொண்டால் போதும். வெளியூர்க்காரர் வாயில் வந்தால் கிண்டல் போலக் கேட்கும். யால் அப்படியில்லை, பழகப் பழகத் தானாக ஒட்டும், வரும்போது வரட்டும்.

மெயிலில் ‘யுவர்’ ஒன்றே போதும். ஒருவரா பலரா என்று சந்தேகம் வரும் இடத்தில் ‘யுவர் டீம்ஸ்’ என்று எழுதுங்கள். ‘உங்க எல்லாரோட லேப்டாப்’பை அப்படியே ‘ஆல் ஆஃப் யுவர் லேப்டாப்ஸ்’ என்று மாற்றாதீர்கள். ஒரே ஆளிடம் இருக்கும் பல லேப்டாப் என்றும் அதைப் படிக்கலாம். அங்கே ‘எவ்ரிஒன்ஸ் லேப்டாப்’ என்று எழுதினால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.