பள்ளி அரங்குக்குப் பூச்செடி: தாவரவியல் டீச்சரிடம் கேள்வி பதில்

ஜனவரி கடைசியில் நடக்கவிருக்கும் மலர்க் கண்காட்சியில் பள்ளிகளுக்குத் தனி வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். தொட்டிச்செடி, பூ அலங்காரம், பள்ளி அரங்கு என மூன்று பிரிவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அரசுப் பள்ளிகளில் 31 வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். இதுபோன்ற போட்டிகளுக்கு நடுவராகவும் போயிருக்கிறேன். இப்போது செப்டம்பர் நடுவில் இருக்கிறோம். அந்தக் கணக்கில்தான் பதில் சொல்கிறேன். கேளுங்கள்.

பாலக்கோடு ஆசிரியை: டீச்சர், எட்டாம் வகுப்பில் 40 பிள்ளைகள். ஜனவரி 26 ஒட்டிப் பூ நிற்க வேண்டுமென்றால் எந்த விதையை எப்போது போடுவது?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலும் டிசம்பரில்தான் கேட்பார்கள். நீங்கள் இப்போதே கேட்டதில் மகிழ்ச்சி.

பெட்டுனியாவும் ஆஸ்டரும் விதையிலிருந்து பூவுக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். பெட்டுனியா விதை தூசி மாதிரி இருக்கும். அதை மண் போட்டு மூடினால் முளைக்காது, வெளிச்சம் வேண்டும். ஈர மண்மேல் தூவி, லேசாக அழுத்தி விட்டால் போதும். ஐப்பசி மழை நேராக விழுந்தால் விதை ஒரு மூலைக்கு அடித்துப் போய்விடும். அதனால் தாழ்வாரத்துக்குக் கீழே வையுங்கள். அதே மழைக்காலத்தில்தான் நாற்றழுகலும் வரும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை கழுத்தில் நூல்போல மெலிந்து சாய்ந்து கிடக்கும். நாற்று மண்ணில் மக்கிய தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

ஜினியா, காசித்தும்பை, குட்டைச் செண்டுமல்லி மூன்றுக்கும் 50 முதல் 60 நாள். நவம்பர் 10, 20, 30 என்று மூன்று தவணையாகப் போடுங்கள். ஏதாவது ஒரு தவணை கட்டாயம் நாளுக்கு வந்து நிற்கும். 40 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தால், ஒரே விதை ஏன் மூன்று விதமாக வளர்ந்தது என்று அவர்களே கேட்பார்கள். அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஓசூர், தளி பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறீர்கள். மார்கழிக் குளிரில் செடி மெதுவாகத்தான் வளரும். தர்மபுரிக்காரர்களைவிடப் பத்து நாள் முன்னதாக விதையுங்கள். காசித்தும்பையை விட்டுவிடுங்கள், அது வெயில் கேட்கும்.

இன்னொன்று, மொட்டு கண்ட பிறகு யூரியா போடாதீர்கள். இலை செழிக்கும், பூ தள்ளிப்போகும்.

ஓசூர் பெற்றோர்: பிள்ளைகளைப் பெரிய கண்காட்சி ஒன்றுக்குக் கூட்டிப்போய்க் காட்டலாமா அம்மா? ஊட்டியா, பெங்களூரா?

உங்களுக்கு லால்பாக் பக்கம். ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டியும் ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டியும் நடக்கும். ஆனால் ஜனவரிக் காட்சியும் நம் தேதியும் மோதுமே! அதனால் அடுத்த ஆகஸ்டில் போங்கள். கண்ணாடி மாளிகைக்குள் பூவால் கட்டிய பெரிய உருவத்தைப் பார்க்கக் கூட்டம் நெருக்கும். பிள்ளைகளைத் தொட்டிச்செடி வரிசைகளுக்கும் கூட்டிப்போங்கள், கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஊட்டியில் 1896 முதல் மலர்க் காட்சி நடக்கிறது, மே மாதம். அந்தக் குளிருக்கு வரும் பூவெல்லாம் நம் பள்ளி வாசலில் வராது. பார்த்து ரசிக்கலாம், பார்த்த செடியையே இங்கு வளர்க்க ஆசைப்படாதீர்கள்.

பென்னாகரம் ஆசிரியர்: பள்ளியில் ஸ்பைடர் செடி, டிரசீனா, கிளாடியோலஸ் மூன்றிலும் இலை நுனி கருகுகிறது. பூச்சியும் இல்லை, நோயும் தெரியவில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

காரணத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார். நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புக் கறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு ஃப்ளோரைடும் ஏறி, தண்ணீர் ஆவியாகிற இலை நுனியில் தங்கிச் சேர்ந்துவிடும். அதனால்தான் நுனி முதலில் கருகுகிறது. எல்லாச் செடிக்கும் இது நேராது. நீங்கள் சொன்ன மூன்றும் ஃப்ளோரைடு தாங்காதவை.

கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்து இந்தச் செடிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீரான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற பள்ளியானால் பிள்ளைகள் டம்ளரில் மிச்சம் விடுகிற தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்தாலே பத்துத் தொட்டிக்கு ஆகும். சூப்பர் பாஸ்பேட் போடாதீர்கள், அதிலும் ஃப்ளோரைடு உண்டு.

பூ அலங்காரப் பிரிவுக்குப் போகிறவர்களும் கவனியுங்கள். ஜெர்பரா, கிளாடியோலஸ் இரண்டையும் ஜாடியில் வைக்கும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தாலே வாட ஆரம்பிக்கும். நாம் குடிக்கத் தக்கதென்று ஒப்புக்கொள்கிற தண்ணீர்கூட அந்தப் பூவுக்கு ஒத்துக்கொள்ளாது. ஜாடிக்கு மழைத்தண்ணீரே எடுங்கள்.

காரிமங்கலம்: டீச்சர், டிரசீனா நுனி காய்கிறது, யூரியா போடலாமா?

மேலே பென்னாகரம் சாருக்குச் சொன்னதைப் படியுங்கள். யூரியா வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாணவி, 11-ஆம் வகுப்பு: மேம், எங்கள் பள்ளிச் சாமந்தி போன வருடம் மொட்டே விடவில்லை. வீட்டில் அம்மா வைத்த அதே செடி பூத்துக் குலுங்கியது.

கண்ணு, பள்ளியில் செடி இருக்கிற இடத்தில் இரவு முழுக்க விளக்கு எரிகிறதா பார். சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். இரவு நீண்டால்தான் அது மொட்டுக்குத் திரும்பும். நடுவில் வெளிச்சம் பட்டால் இன்னும் கோடைதான் என்று நினைத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வாட்ச்மேன் அறை விளக்குப் பட்ட பக்கம் மட்டும் ஒரு மொட்டு இல்லை. மறுபக்கம் மஞ்சளாக நின்றது. அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்பையே அங்கே கூட்டிப்போனேன். தொட்டியை இருட்டுப் பக்கம் நகர்த்து, அக்டோபருக்குள்.

காவேரிப்பட்டணம் ஆசிரியை: எங்கள் அரங்குக்கு யோசனை சொல்லுங்கள் டீச்சர். போன தடவை செண்டுமல்லியில் மயில் செய்தோம். இந்தத் தடவை யானை செய்யலாமா?

மயிலும் யானையும் பூக்கடைக்காரர்கள் நம்மைவிட அழகாகச் செய்வார்கள் அம்மா. உங்கள் ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் மாந்தோப்பு. ஜனவரி கடைசியில் மாமரம் பூத்து நிற்கும். அதைக் கொண்டுவந்து வையுங்கள்.

ஒரு மாம்பூங்கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கில், சில கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். ஆண் பூவும் இருபால் பூவும் ஒரே கொத்தில் கலந்திருக்கும். காய் பிடிப்பது இருபால் பூவில் மட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் பச்சையாகக் குட்டிச் சூலகம் தெரியும், ஆண் பூவில் அது கிடையாது. பிள்ளைகள் எண்ணட்டும். பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று மூன்று மா ரகத்திலும் ஒவ்வொரு கொத்து எடுத்து, நூறு பூவுக்கு எத்தனை இருபால் பூ என்று அட்டையில் எழுதி வைக்கட்டும். மகரந்தத்தைக் கொண்டுபோவதில் ஈக்களுக்குப் பெரும் பங்கு என்றும் எழுதுங்கள். பூக்கும் நேரத்தில் ஓயாமல் மருந்தடிக்கிற அப்பாக்கள் அதைப் படிக்க வேண்டும். இத்தனை பூவில் கடைசியில் நின்று பழுப்பது ஒன்றிரண்டுதான். ஜூனில் மாங்கனிக் கண்காட்சியில் பழத்தைப் பார்க்கிற ஊருக்கு, பூவைக் காட்டுகிற அரங்கு ஒன்று வேண்டாமா? பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே போய்ச் சந்தேகம் கேளுங்கள்.

அரூர்: பூ சொருக ஃபோம் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

வாங்காதீர்கள். அது மக்காது, உதிர்ந்து தூளாகி மண்ணிலேயே கிடக்கும். பிள்ளைகள் அந்தத் தூளை மூச்சில் இழுக்கவும் கூடாது. வாழை மரத்துத் துண்டில் ஈர்க்குச்சியால் குத்துங்கள். இரண்டு நாள் ஈரம் நிற்கும், பிறகு மாடு தின்னும்.

தர்மபுரி: கண்காட்சி தேதி என்ன? நுழைவுக் கட்டணம் உண்டா?

மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

கிருஷ்ணகிரி பெற்றோர்: டீச்சர், இதெல்லாம் எதற்கு? ஓசூர் பக்கம் நர்சரியில் பூத்த தொட்டி கிடைக்கிறது. என் பையனுக்குப் போன வருடம் அப்படித்தான் வாங்கி வைத்தேன், பரிசும் வந்தது. எல்லோரும் செய்வதுதானே?

எல்லோரும் செய்வதில்லை. செய்யாத ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் நான் மூன்று நடுவர்களில் ஒருத்தி. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெயின்ட் வாளியில் ஒரு காஸ்மாஸ் செடி கொண்டுவந்திருந்தாள். கொஞ்சம் சாய்ந்த செடி, நான்கு பூ. கூடவே ஒரு நோட்டு. விதை போட்ட நாள், முளைத்த நாள், ஆடு கடித்த நாள், கடித்த இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வந்த நாள், எல்லாம் எழுதியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் ஆறு பெட்டுனியாத் தொட்டி. விரலை மண்ணில் விட்டேன், இரண்டு அங்குலத்தில் நர்சரியில் நாற்று வளர்க்கிற கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி அப்படியே இருந்தது. வேர் அதைத் தாண்டி வெளியே வரவே இல்லை. தொட்டி மாற்றி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பரிசு பெட்டுனியாவுக்குப் போனது. விதியில் பூவின் அழகுக்குத்தான் மதிப்பெண், வளர்த்ததற்கு இல்லை என்றார்கள். நான் எதிர்த்துப் பேசினேன், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது.

உங்கள் பையன் பரிசு வாங்கியபோது அந்தச் செடிக்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரிந்ததா?

ஓசூர் நர்சரிக்காரர்: அம்மா, நர்சரி மேல் பழி போடாதீர்கள். நாங்கள் நாற்று கொடுக்காவிட்டால் பாதிப் பள்ளியில் செடியே இருக்காது. விதை போட்டு நாற்றழுகலில் எல்லாம் போனால் பிள்ளைக்கு வேறு வழி என்ன?

நியாயம்தான் தம்பி. நாற்று வாங்குவதை நான் தப்பென்று சொல்லவில்லை. குழித்தட்டு நாற்றை நவம்பர் தொடக்கத்தில் நான்கு இலையில் வாங்கட்டும், மிச்சம் 80 நாளை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அது அவன் செடி. பூத்ததை முந்தின நாள் வாங்கினால் அது உங்கள் செடி. உங்கள் உழைப்புக்கு இன்னொருவர் பெயரில் பரிசு கொடுப்பது உங்களுக்கும் நியாயமில்லை.

ஊத்தங்கரை ஆசிரியர்: 80 நாள் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள் டீச்சர். எங்கள் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். அப்படிப் பார்த்தால் வசதியுள்ள பள்ளிதான் ஜெயிக்கும்.

இதற்கு நான் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது சரி. வளர்த்தவருக்கே பரிசு என்றால் தண்ணீர் இருக்கிற பள்ளிக்கு ஏற்றம்தான். அதனால்தான் நோட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று போகிற இடமெல்லாம் கேட்கிறேன். தண்ணீர் இல்லாமல் செடி எப்படிப் பிழைத்தது என்று எழுதிய நோட்டு, செழித்த செடியைவிடக் குறைந்ததில்லை.

செடிக்கு வருவோம். உங்களுக்கு வாடாமல்லியும் டேபிள் ரோஸும். டேபிள் ரோஸ் தண்டைக் கிள்ளி நட்டாலே வேர் பிடிக்கும், தண்டிலேயே தண்ணீர் வைத்துக்கொள்ளும், வாரம் இரண்டு தடவை தாராளம். ஆனால் வெயில் ஏறினால்தான் விரியும். அரங்கை நிழலில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். தொட்டி மண்மேல் நிலக்கடலை ஓட்டை இரண்டு அங்குலம் பரப்புங்கள், ஈரம் பறக்காது. வாடாமல்லியை நவம்பருக்கு வைக்காதீர்கள், இந்த மாதமே விதையுங்கள்.

கிருஷ்ணகிரி பெற்றோர்: செடியின் பெயர் அவனுக்குத் தெரியாது டீச்சர். இப்போது கேட்டுப் பார்த்தேன். இந்த வருடம் விதை வாங்கித் தருகிறேன். எது சுலபம்?

காசித்தும்பை. விதை பெரிது, கையில் பிடிக்கலாம். நவம்பர் 20. முற்றிய காயைத் தொட்டால் வெடிக்கும், அதை அவனே கண்டுபிடிக்கட்டும், முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

மொரப்பூர்: மொட்டு வந்துவிட்டது, பூ பெரிதாக யூரியா எவ்வளவு போடணும்?

போடக் கூடாது. மூன்றாவது தடவை சொல்கிறேன்.

அஞ்செட்டி ஆசிரியர்: மலைப்பாதையில் டெம்போவில் 30 தொட்டி வர வேண்டும். பூ உதிராமல் எப்படிக் கொண்டுவருவது?

முந்தின நாள் காலையில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், கிளம்புகிற அன்று விடாதீர்கள். ஈரத் தொட்டி கனக்கும், சேறு சிந்தும். டெம்போ தரையில் வைக்கோல் பரப்பித் தொட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வையுங்கள், ஒன்றையொன்று தாங்கும். உயரச் செடிக்குக் குச்சி கட்டி, பழைய வேட்டியால் தளர்வாகச் சுற்றுங்கள். வண்டியில் வாழைத்தார், பழக்கூடை எதுவும் ஏற்ற வேண்டாம். பழுக்கிற பழத்திலிருந்து வரும் வாயு பட்டால் கார்னேஷன் போன்ற பூ இதழ் சுருங்கி மூடிக்கொள்ளும். விடியற்காலை கிளம்புங்கள். பிள்ளைகள் இரண்டு பேரைச் செடியோடு பின்னால் உட்கார வைக்காதீர்கள், அவர்கள் பேருந்தில் வரட்டும்.