விரல் ஈரமாக இருந்தால் கேட்காது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது பழைய நோக்கியா 6600 கிடைத்தது. ‘இதுவும் ஸ்மார்ட்போன்தான்டா’ என்றால் மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நீங்கள் சொல்வதுதான் சார். 2003-இல் வந்த அந்த சோப்புக்கட்டி போனில் சிம்பியன் என்ற இயங்குதளம் ஓடியது, மெயில் பார்க்கலாம், வெளியிலிருந்து ஆப் ஏற்றலாம் (அப்போது யார் ஆப் என்று சொன்னார்கள், ‘சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பா’தான்). வைரஸ்கூட வந்தது என்றால் பாருங்கள். 2004-இல் கபீர் என்று ஒன்று, புளூடூத் வழியாகப் பக்கத்தில் இருக்கும் போனுக்குத் தாவும். ‘வாங்கிக்கொள்ளவா’ என்று கேட்கும்போது ஆர்வத்தில் சரி என்று அமுக்கினால் தீர்ந்தது கதை. இதற்கெல்லாம் தாத்தா 1994-இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன், தொடுதிரையோடு, அரைக் கிலோ எடையில்!

கேள்வி: முதல் ஐபோனில் காப்பி பேஸ்ட்கூடக் கிடையாதாமே? அப்புறம் ஏன் ஜனங்கள் அதன் பின்னால் ஓடினார்கள்?
– வாசகி, ராயபுரம்

பதில்: காப்பி பேஸ்ட் மட்டுமா இல்லை? 2007 ஜூனில் அது விற்பனைக்கு வந்தபோது 3ஜி இல்லை, வீடியோ எடுக்க முடியாது, எம்எம்எஸ் போகாது, கேமரா 2 மெகாபிக்சல். அதே வருடம் கடையில் இருந்த நோக்கியா என்95-இல் 5 மெகாபிக்சல், 3ஜி, ஜிபிஎஸ் எல்லாம் உண்டு. பட்டியல் போட்டு மார்க் கொடுத்தால் ஐபோன் ஃபெயில். ஆனால் என்95-இல் ஒரு போட்டோவைத் தேடுவதற்குள் மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஆப்ஷன்ஸ் என்று நாலு படி இறங்க வேண்டும். ஐபோனில் விரலால் தள்ளினால் படம் விரல் கூடவே வந்தது, இரண்டு விரலை விரித்தால் பெரிதானது. ‘எனக்கு இது வேண்டும்’ என்று யாரும் கடையில் கேட்டிருக்க மாட்டார்கள். மெனுவைத் திட்டிக்கொண்டுதான் இருந்தோம், அந்தத் திட்டு யார் காதிலோ விழுந்திருக்கிறது.

நம் ஊருக்கு 2008 ஆகஸ்டில் ஐபோன் 3ஜி வந்தது, 8 ஜிபி 31,000 ரூபாய். பெயரில்தான் 3ஜி, பி.எஸ்.என்.எல். 3ஜியே சென்னைக்கு 2009-இல்தான் வந்தது. நண்பன் ஒருவனிடம் அதை இரவல் வாங்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன், மீன் ஏலம் எடுக்கும் அக்காவிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று. விடியாத நேரம். அக்கா கையில் பட்டன் தேய்ந்துபோன நோக்கியா 1100, சுருக்குப் பைக்குள் பாலிதீன் கவரில் சுற்றியது. ஐபோனை வாங்கி, செதிலும் தண்ணீருமாக இருந்த விரலால் நாலு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா இது, விரலு ஈரமா இருந்தா கேக்கவே மாட்டேங்குது. டார்ச்சு எங்க?” என்றார். டார்ச் இல்லை. (ஐபோனில் ஃபிளாஷ் வந்ததே 2010-இல், நாலாவது மாடலில்.) அக்கா தன் போனின் டார்ச்சை அடித்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

ஐபோன் திரை விரலின் மின்சாரத்தை உணர்வது, நடுவே தண்ணீர் வந்தால் குழம்பிவிடும். 2008 கடைசியில் வந்த நோக்கியா 5800 அழுத்தத்தை உணர்வது, நகம் பட்டாலும் பேனா மூடி பட்டாலும் வேலை செய்யும், ஆனால் ஐபோன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடாது. அக்கா கேட்டதும் நியாயம், 31,000 கொடுத்தவன் ஆசையும் நியாயம். ஆனால் 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றதற்குக் காரணம் அக்கா மாதிரி ஆட்கள்தான், அதை மறந்துவிட்டு ஸ்மார்ட்போன் சரித்திரம் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: இரண்டு சிம் போடும் வசதி நோக்கியாவில் ஏன் அவ்வளவு தாமதம்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: நோக்கியா ஃபேக்டரி ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது, 2006-லிருந்து 2014 வரை. நம் ஆட்கள் ஒரு சிம் இன்கமிங்குக்கு, ஒரு சிம் ராத்திரி ஆஃபருக்கு என்று பேட்டரியைக் கழற்றிக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தது அங்கிருந்து கூப்பிடு தூரத்தில். ஆனாலும் 2011 வரை பெரிதாக எதுவும் வரவில்லை. அதற்குள் சைனா செட்டும் மைக்ரோமேக்ஸும் புகுந்துவிட்டன. மைக்ரோமேக்ஸ் 2008-இல் முதலில் விற்றதே ‘ஒரு சார்ஜுக்கு 30 நாள்’ என்ற பேட்டரியைத்தான். நானும் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில், பெயர் வேண்டாம், டிவி ஆண்டெனா, இரண்டு சிம், நாலு ஸ்பீக்கர் வைத்த சைனா செட் வாங்கினேன். தெருமுனை டீக்கடை வரை கேட்கும் சத்தம்! 2009 நவம்பர் 30 ராத்திரியோடு ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) நம்பர் இல்லாத போன்களையெல்லாம் நிறுத்தினார்கள், என்னுடையதும் காலி. 199 ரூபாய் கொடுத்தால் நம்பர் ஏற்றித் தருகிறோம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள், நான்தான் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

கேள்வி: பழைய போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அதற்கு என்னதான் வழி இருந்தது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: ஓப்பரா மினி என்ற பிரவுசர். முகவரி அடிக்கும் இடத்தில் ‘ஓப்பரா: கன்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் பிட்மேப் ஃபான்ட் என்ற வரியை ‘எஸ்’ ஆக்க வேண்டும். அதன் பிறகு எழுத்தை அவர்கள் சர்வரிலேயே படமாக்கி அனுப்பிவிடுவார்கள், கொம்பு, கால் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். டேட்டா கொஞ்சம் கூடச் செலவாகும். தெருவில் ஒரு பையனுக்கு இது தெரிந்தால் போதும், சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் பத்து போன் காத்திருக்கும்.